கைக்குழந்தையோடு வேலைக்குப் போவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மகப்பேறு விடுப்பு முடிந்து கிண்டியில் இருக்கும் அலுவலகத்துக்குத் திரும்பியதிலிருந்து, இதில் ஏதாவது ஒரு கேள்வியை யாராவது ஒருவர் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள். பாதிப் பேர் அடுத்துப் பிள்ளை பெறப்போகும் சக ஊழியர்கள், மீதிப் பேர் ஊரிலிருக்கும் சித்தி, பெரியம்மா வகையறா. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாட்ஸ்அப்பில் தட்டிச் சலித்துவிட்டதால் ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன். நான் மருத்துவர் இல்லை. குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்றால் இதைப் படித்துக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.

கேள்வி: விடுப்பு எவ்வளவு? சம்பளம் வருமா?

1961-ஆம் ஆண்டின் மகப்பேறு பயன்கள் சட்டத்தில் 12 வாரமாக இருந்தது, 2017 திருத்தத்தில் 26 வாரமானது. முதல் இரண்டு குழந்தைகளுக்கு இந்த 26. ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள் இருந்தால் 12 வாரம்தான். 2020-இன் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இதே கணக்குதான். சம்பளம் உண்டு. பிரசவத்துக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாளாவது அங்கே வேலை பார்த்திருக்க வேண்டும். ஈ.எஸ்.ஐ. பிடித்தம் இருப்பவர்களுக்குப் பணம் கம்பெனியிலிருந்து வராது, ஈ.எஸ்.ஐ.யிலிருந்து வரும். அதற்கான தாள்களைப் பிரசவத்துக்கு முன்பே தயார் செய்துவிடுங்கள். பச்சைக் குழந்தையோடு ஜெராக்ஸ் கடை வாசலில் நிற்பது கொடுமை.

ஒப்பந்த ஊழியர்கள் பலர் தங்களுக்கு இதெல்லாம் கிடையாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒப்பந்தக் காலம் இடையில் முடிந்துபோனாலும் மகப்பேறு பயன் முழுதாகக் கிடைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023-இல் சொல்லியிருக்கிறது. தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கு 2021 ஜூலையிலிருந்து 12 மாதம். அவர்களைப் பார்த்து நாங்கள் பொறாமைப்படுவதை ஒளிப்பதில்லை.

கேள்வி: 26 வாரம் என்றால் ஆறு மாதம். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்கிறார்கள். கணக்கு சரியாகத்தானே வருகிறது?

பிரசவ வலி எடுக்கும் வரை வேலைக்குப் போனால்தான் சரியாக வரும். சட்டப்படி பிரசவத்துக்கு முன்னால் 8 வாரம் வரை எடுக்கலாம். அதை முழுதாக எடுத்தவருக்குப் பிரசவத்துக்கு அப்புறம் 18 வாரம்தான் மிச்சம், அதாவது நான்கு மாதம் சொச்சம். குழந்தைக்கு அப்போது பாலைத் தவிர வேறெதுவும் கொடுக்கக் கூடாது, அம்மாவோ தாம்பரத்தில் ரயிலேறிக்கொண்டிருப்பாள்.

அதற்காகக் கடைசி நாள் வரை வயிற்றைத் தூக்கிக்கொண்டு போங்கள் என்று சொல்லமாட்டேன். ரத்த அழுத்தம், கால் வீக்கம், தூரப் பயணம் இதெல்லாம் இருந்தால் முன்னாலேயே எடுத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் எத்தனை வாரத்தை முன்னால் செலவழிக்கிறோம் என்பதைத் தெரிந்தே செலவழியுங்கள். சேர்த்துவைத்த ஈட்டிய விடுப்பு இருந்தால் அதைப் பின்பக்கம் ஒட்டவைக்கப் பாருங்கள். வேலையின் தன்மை இடம் கொடுத்தால், நிர்வாகத்தோடு பேசி விடுப்புக்கு அப்புறம் வீட்டிலிருந்து வேலை செய்யவும் சட்டத்தில் வழி இருக்கிறது. அது இருதரப்பும் ஒத்துக்கொண்டால்தான். எனவே கேட்பதை வாயால் கேட்காமல் மின்னஞ்சலில் கேளுங்கள்.

கேள்வி: பாலை எடுத்து வைத்தால் கெட்டுப்போகாதா?

இதுதான் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். கெடாது, ஒழுங்காக வைத்தால்.

25 டிகிரி வரையான அறை வெப்பத்தில் 4 மணி நேரம் தாங்கும் என்பது பொது விதி. சென்னையில் ஏசி இல்லாத அறையில் 25 டிகிரி என்பது மார்கழி விடியற்காலையில் மட்டும் நடக்கும் அதிசயம். ஆகவே எடுத்தவுடன் ஃப்ரிட்ஜுக்குள் போய்விட வேண்டும். கதவுத் தட்டில் வைக்காமல், உள்ளே கடைசி வரை தள்ளி வைத்தால் 4 நாள் வரை இருக்கும். ஃப்ரீசரில் மாதக்கணக்கில் வைக்கலாம். ஆனால் மின்வெட்டு அதிகமுள்ள இடத்தில் ஃப்ரீசரை நம்பிப் பெரிய கையிருப்பு சேர்க்காதீர்கள். உறைந்ததை வெளியே எடுத்து ஃப்ரிட்ஜில் உருகவைத்தால் 24 மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும், திரும்ப உறையவைக்கக் கூடாது.

சூடு பண்ணுவதற்கு அடுப்பும் வேண்டாம், மைக்ரோவேவும் வேண்டாம். மைக்ரோவேவில் ஓர் இடம் கொதிக்கும், ஓர் இடம் சில்லென்று இருக்கும், குழந்தையின் வாய் வெந்துவிடும். ஒரு பாத்திரத்தில் சுடுதண்ணீர் ஊற்றி, அதற்குள் பால் டப்பாவைக் கொஞ்ச நேரம் நிறுத்தினால் போதும். மேலே ஆடை மாதிரி கொழுப்பு பிரிந்து நிற்கும். அதைப் பார்த்துத் திரிந்துவிட்டது என்று எங்கள் அத்தை ஒரு டப்பாவைச் செம்பருத்திச் செடிக்கு ஊற்றப் போனார். லேசாகச் சுழற்றினால் கலந்துவிடும் என்று காட்டிய பிறகுதான் நம்பினார். குழந்தை குடித்து மிச்சம் வைத்ததை மட்டும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள்.

ஒவ்வொரு டப்பாவிலும் ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டித் தேதியும் நேரமும் எழுதுங்கள். பழையது முன்னால், புதியது பின்னால். பார்த்துக்கொள்பவருக்கு ஒரே ஒரு விதியைச் சொன்னால் போதும்: முன்னால் இருப்பதை எடு.

கேள்வி: அலுவலகத்தில் எங்கே உட்கார்ந்து பால் எடுப்பது?

கழிப்பறையில் வேண்டாம். அதை யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். குழந்தையின் சாப்பாட்டைத் தயாரிக்கும் இடம் அது இல்லை.

குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை, வழக்கமான இடைவேளை போக, பாலூட்ட நாளுக்கு இரண்டு இடைவேளை தர வேண்டும் என்பது சட்டம். 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் குழந்தைகள் காப்பக வசதி இருக்க வேண்டும், அம்மா ஒரு நாளில் நான்கு முறை போய்ப் பார்த்துவரலாம். இது தாளில் இருக்கும் அளவுக்குத் தரையில் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். எங்கள் அலுவலகத்தில் சர்வர் அறைக்குப் பக்கத்தில், பழைய கோப்புகள் கிடந்த சின்ன அறையைக் கேட்டோம். உள்பக்கம் தாழ்ப்பாள், ஒரு நாற்காலி, ஒரு பிளக் பாயிண்ட். கேட்டது அவ்வளவுதான். தனியாகக் கேட்டபோது 'பார்க்கலாம்' என்றார்கள், நான்கு பெண்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவுடன் அடுத்த வாரமே தாழ்ப்பாள் வந்துவிட்டது. கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவருக்குக் கல்யாணமே ஆகவில்லை, இன்னொருவர் மகன் கல்லூரியில் படிக்கிறான்.

சுமார் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை எடுத்துவிடுங்கள். மீட்டிங் என்று தள்ளிப்போட்டால் பால் கட்டிக்கொள்ளும், மார்பு கல்லாகி, அப்புறம் காய்ச்சல். எடுத்ததை ஐஸ் பேக் வைத்த பையில் வீட்டுக்குக் கொண்டுவரலாம். வெளியூர்ப் பயணத்தில் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறை இருக்கிறதா பாருங்கள். 2015 ஆகஸ்டில் தமிழ்நாடு முழுக்கத் திறந்தார்கள். சில இடங்களில் இன்றும் சுத்தமாக இருக்கிறது, சில இடங்களில் சாவியைத் தேடுவதற்குள் பேருந்து கிளம்பிவிடும்.

கேள்வி: பாட்டிலை வாயிலேயே வைக்கமாட்டேன் என்கிறாள். நான் வேலைக்குப் போனால் பட்டினி கிடப்பாளே?

பாலாடை (மூக்கு வைத்த சின்னக் கிண்ணம்) எதற்கு இருக்கிறது? நம் ஊரில் பாட்டிலுக்கு முன்பிருந்தே சங்கும் பாலாடையும் இருக்கின்றன. நிப்பிள் இடுக்கில் அழுக்குச் சேரும் தொல்லை கிடையாது, கொதிக்கும் தண்ணீரில் போட்டு எடுத்தால் முடிந்தது. பாலாடையையும் நீங்களே கொடுத்துப் பழக்காதீர்கள். அம்மாவின் வாசனை பக்கத்தில் இருக்கும்போது எந்தக் குழந்தை உலோகத்தில் குடிக்கும்? வேலைக்குத் திரும்புவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்னாலிருந்தே, பகலில் ஒரு வேளை வேறு யாராவது கொடுக்கட்டும். நீங்கள் மாடிக்குப் போய்விடுங்கள். நிமிர்த்தி உட்காரவைத்து, உதட்டோரமாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்க்க வேண்டும். படுக்கவைத்து ஊற்றினால் புரையேறும்.

கேள்வி: பகலில் யார் பார்த்துக்கொள்வது? பாட்டியா, ஆயாம்மாவா, காப்பகமா?

பாட்டி இருந்தால் பாட்டி என்று எல்லோரும் சட்டென்று சொல்லிவிடுவார்கள். பாட்டிக்கு முட்டிவலி இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. தவழ ஆரம்பித்த குழந்தையின் பின்னால் நாள் முழுவதும் குனிந்து நிமிர்வது, 60 வயதைத் தாண்டிய உடம்புக்குச் சாதாரண வேலை இல்லை. எங்கள் வீட்டில் அத்தை கும்பகோணத்திலிருந்து வந்து எங்களோடு இருக்கிறார். அவருக்கும் சேர்த்துத்தான் ஏற்பாடு செய்தோம்: காலை 10 மணியிலிருந்து 4 மணி வரை துணைக்கு ஓர் அக்கா வருகிறார், குளிப்பாட்டுவதும் துணி அலசுவதும் தூக்கிக்கொண்டு நடப்பதும் அவர். ஊட்டுவதும் தூங்கவைப்பதும் அத்தை. ஞாயிற்றுக்கிழமை அத்தைக்கு முழு விடுமுறை, குழந்தை அழுதாலும் அவர் எழுந்து வரக் கூடாது. எழுந்து வரத்தான் செய்வார், ஆனாலும் விதி விதிதான்.

ஆயாம்மா வைப்பதானால், நீங்கள் விடுப்பில் இருக்கும்போதே வரச்சொல்லி உங்கள் கண் முன்னால் பழகவிடுங்கள். அவரும் ஒரு வீட்டில் தன் பிள்ளையை விட்டுவிட்டு வருபவர்தான். சம்பளத்தைத் தேதி தவறாமல் கொடுங்கள், வாரம் ஒரு நாள் லீவு கொடுங்கள்.

காப்பகம் என்றால், அவர்கள் காட்டும் பொம்மை அறையைப் பார்க்காதீர்கள். முன்கூட்டிச் சொல்லாமல் மதியம் இரண்டு மணிக்குப் போங்கள். குழந்தைகள் தூங்கும் நேரம் அது. எத்தனை பிள்ளைகளுக்கு எத்தனை பேர், ஈரத் துணியோடு யாராவது படுத்திருக்கிறார்களா, டிவி ஓடுகிறதா, அழும் குழந்தையிடம் யாராவது எழுந்து போகிறார்களா. பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். பெற்றோரை எந்நேரமும் உள்ளே விடமாட்டோம் என்று சொல்லும் இடம் வேண்டாம். அங்கன்வாடியில் ஆறு மாதம் ஆன குழந்தைக்கு வீட்டுக்குச் சத்துமாவு தருவார்கள். ஆனால் கைக்குழந்தையை நாள் முழுக்க வைத்துப் பார்த்துக்கொள்ளும் இடம் அது இல்லை. முன்பருவக் கல்விக்கு இரண்டு வயதாக வேண்டும்.

கேள்வி: மாமியார் உரை மருந்து கொடுக்கிறார், தேன் தடவுகிறார். எப்படித் தடுப்பது?

எல்லாவற்றையும் தடுக்கப் போனால் நீங்கள் அலுவலகம் போன பிறகு நடக்கும். எனவே எது விட்டுக்கொடுக்கலாம், எது முடியவே முடியாது என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

முடியவே முடியாதவை: ஒரு வயதுக்குள் தேன். அதிலிருக்கக் கூடிய ஒரு கிருமியின் வித்து பச்சைக் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சைச் சுரக்கும், தசை தளர்ந்து மூச்சே நின்றுபோகலாம். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது. குளித்த பிறகு மூக்கில் வாயை வைத்து ஊதுவது. தொக்கம் (வயிற்றில் சிக்கியதாகச் சொல்லும் உணவு) எடுக்கிறேன் என்று யாரிடமாவது தூக்கிக்கொண்டு போவது. ஆறு மாதத்துக்கு முன்னால் தாய்ப்பாலைத் தவிர தண்ணீர், சர்க்கரைத் தண்ணீர், கிரைப் வாட்டர் எதுவும். வசம்பு, ஜாதிக்காய், மாசிக்காய், கடுக்காய் என்று கல்லில் இழைத்துக் கொடுக்கும் உரை மருந்தும் இதில்தான் வரும். கல்லில் எத்தனை சுற்று இழைத்தால் எவ்வளவு மருந்து உள்ளே போகும் என்று யாருக்கும் அளவு தெரியாது.

விட்டுக்கொடுக்கலாம்: எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவது (மென்மையாகத்தான், மூட்டை முறுக்காமல்), கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு, உப்பு மிளகாய் சுற்றிப்போடுவது, வசம்பை உள்ளே கொடுக்காமல் கட்டிவைப்பது. வசம்பைக் கையில் கட்டினால் பாப்பா வாயில் வைத்துக்கொள்கிறாள் என்று சொன்னேன், அத்தையே அதைக் கழற்றி ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டார்.

தகவலை நீங்கள் சொல்லாதீர்கள். தடுப்பூசிக்குப் போகும்போது அவரையும் அழைத்துப் போய், டாக்டரிடம் அவரையே கேட்கவிடுங்கள். மருமகள் சொன்னால் திமிர், டாக்டரம்மா சொன்னால் அறிவுரை. உலகம் அப்படித்தான் இருக்கிறது.

கேள்வி: ஆறு மாதத்துக்கு அப்புறம் என்ன கொடுப்பது? சமைக்க நேரமே இல்லையே.

கேழ்வரகுப் பால் நல்லது. ஊறவைத்து, முளைகட்டி, அரைத்து, வேட்டித் துணியில் பிழிந்து, அடி பிடிக்காமல் கிண்டுவது. காலை 7:40 ரயிலைப் பிடிக்கிற பெண்ணுக்கு இது வாரநாளில் நடக்காது. ஞாயிற்றுக்கிழமை முளைகட்டிக் காயவைத்து, வறுத்துத் திரித்து வைத்துவிடுங்கள். அதில் இரண்டு ஸ்பூன் எடுத்துக் கட்டியில்லாமல் கரைத்துக் காய்ச்ச ஐந்து நிமிடம்தான்.

ஆனால் கேழ்வரகோடு நின்றுவிடாதீர்கள். அதில் சுண்ணாம்புச் சத்து அதிகம்தான், இந்த வயதில் முதலில் குறைவது இரும்புச் சத்து. பிறக்கும்போது உடம்பில் இருந்த கையிருப்பு ஆறு மாதத்தில் தீர ஆரம்பித்துவிடும். பருப்பைக் குழைய வேகவைத்து, கீரையை மசித்து, வேகவைத்த முட்டை, முள் நீக்கிய மீன், சாப்பிடும் வீடுகளில் ஈரல் எல்லாம் கொடுக்கலாம். வீட்டுக்கு வைக்கும் குக்கரிலேயே ஒரு சின்னக் கிண்ணத்தில் அரிசி, பாசிப்பருப்பு, கேரட் போட்டு உள்ளே வைத்துவிடுங்கள், தனிச் சமையல் வேண்டாம். உப்பும் சர்க்கரையும் ஒரு வயது வரை தேவையில்லை. பெரியவர்கள் ருசி பார்த்துவிட்டு 'சப்பென்று இருக்கே' என்பார்கள், அவர்களுக்கு ஊறுகாய் கொடுங்கள். பசும்பாலைக் குடிக்கக் கொடுப்பதும் ஒரு வயதுக்கு அப்புறம்தான்.

அளவு: தொடக்கத்தில் இரண்டு மூன்று ஸ்பூன், எட்டு மாதம் வரை நாளுக்கு இரண்டு மூன்று வேளை, அப்புறம் மூன்று நான்கு. வாயை மூடிக்கொண்டால் விட்டுவிடுங்கள்.

கேள்வி: போன் காட்டினால்தான் சாப்பிடுகிறான். பரவாயில்லையா?

இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். காக்கா காட்டுங்கள்.

கேள்வி: தடுப்பூசிக்கு எத்தனை நாள் லீவு போட வேண்டியிருக்கும்?

பிறந்தவுடன் போடுவது போக 6, 10, 14 வாரம் மூன்றும் விடுப்புக் காலத்திலேயே முடிந்துவிடும். வேலைக்குப் போன பிறகு வருவது 9 மாதத் தட்டம்மை-ரூபெல்லா ஊசி, அப்புறம் 16 மாதத்துக்கு மேல் பூஸ்டர். ஆரம்ப சுகாதார நிலையங்களில் புதன்கிழமை போடுவார்கள், இலவசம். தனியார் மருத்துவமனையில் போடுவதானால் சனிக்கிழமை போடுங்கள். அன்று இரவு காய்ச்சல் வந்தாலும் ஞாயிறு கையில் இருக்கும்.

கேள்வி: இரவெல்லாம் எழுந்துவிட்டு, பகலில் எப்படி வேலை பார்ப்பது?

சரியாகப் பார்க்க முடியாது, அதுதான் உண்மை. முதல் சில மாதங்கள் முக்கியமான கணக்கை எல்லாம் காலை 11 மணிக்குள் முடித்துவிடுவேன், மதியத்துக்கு மேல் அனுப்பும் மின்னஞ்சலை இன்னொரு முறை படித்துவிட்டுத்தான் அனுப்புவேன்.

வீட்டில் இரவைப் பங்கு போட்டுக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் 2 மணி வரை நான், அதற்கு மேல் என் கணவர். பால் வேண்டுமென்றால் தூக்கிவந்து என் பக்கத்தில் விட்டுவிட்டு, குடித்ததும் ஏப்பம் விடவைத்து, ஈரத்துணி மாற்றித் தூங்கவைப்பது அவர் வேலை. குழந்தையை மல்லாக்கப் படுக்கவைக்க வேண்டும், முகத்துக்குப் பக்கத்தில் தலையணையோ போர்வையோ இருக்கக் கூடாது. பகல் தூக்கத்துக்குத் தூளி எங்கள் வீட்டிலும் உண்டு. ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும், தொங்கும் கொக்கியை இழுத்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். புரண்டு எழ ஆரம்பித்தவுடன் கழற்றிவிட்டோம்.

கேள்வி: 'கேட்டால் செய்வேன்' என்று சொல்லும் கணவரை என்ன செய்வது?

கேட்பதே ஒரு வேலை என்பதை அவருக்குப் புரியவைக்க வேண்டும். டயபர் எத்தனை மிச்சம், வைட்டமின் டி சொட்டு இன்று கொடுத்தாயிற்றா, அடுத்த ஊசி எப்போது, நகம் வெட்டி எத்தனை நாளாயிற்று, போன மாதச் சட்டை இந்த மாதம் கழுத்தில் நுழையுமா என்று இத்தனையும் ஒருத்தி தலையில் ஓடிக்கொண்டே இருக்கும்போது, அடுத்தவர் கடைக்குப் போய் டயபர் வாங்கிவந்தால் அது பங்கு இல்லை, எடுபிடி. ஆபீஸில் இப்படி ஒருவர் இருந்தால் அப்ரைசலில் என்ன எழுதுவீர்கள் என்று ஒருநாள் என் கணவரிடம் கேட்டேன். சிரித்தார். அப்புறம் சிரிக்கவில்லை.

வேலையைத் துண்டு துண்டாகக் கொடுக்காமல் துறையாகக் கொடுங்கள். எங்கள் வீட்டில் டயபர், தடுப்பூசி, மருந்து, துணிமணி நான்கும் அவருடையவை, நினைவில் வைப்பது உட்பட. டயபர் தீர்ந்தால் இரவு பத்து மணிக்குக் கடை தேடுவது அவர் தலைவலி, நான் ஞாபகப்படுத்தமாட்டேன். சாப்பாடும் பாலும் என்னுடையவை. காப்பக விண்ணப்பம், வருகிற அக்காவின் சம்பளம், அத்தையின் மாத்திரை மூன்றும் மாதம் மாறி மாறி. அவர் வாங்கும் சட்டையின் நிறம் பிடிக்காவிட்டாலும் வாயைத் திறக்கக் கூடாது. இது எனக்குத்தான் கஷ்டம்.

மத்திய அரசு ஊழியர்களில் அப்பாக்களுக்கு 15 நாள் விடுப்பு உண்டு. தனியாரில் அப்படி எந்தச் சட்டமும் இல்லை, கம்பெனி கொடுத்தால் உண்டு. கொடுக்கும் விடுப்பைப் பிரசவ வாரத்தில் மொத்தமாகத் தீர்க்காமல், பாதியை நீங்கள் வேலைக்குத் திரும்பும் வாரத்துக்கு ஒதுக்கச் சொல்லுங்கள். பிரசவ வாரத்தில் வீடு நிறைய ஆள் இருப்பார்கள்.

கேள்வி: பாட்டியிடமே ஒட்டிக்கொள்கிறாள். என்னை மறந்துவிடுவாளா?

மாட்டாள். குழந்தை ஒருவரோடு மட்டும்தான் ஒட்டும் என்று யார் சொன்னது? பகல் முழுக்கப் பார்த்துக்கொள்பவரிடம் ஒட்டினால் பகல் நன்றாகப் போகிறது என்று பொருள். எட்டு, ஒன்பது மாத வாக்கில் நீங்கள் கிளம்பும்போது அலறுவாள். ஆள் கண்ணிலிருந்து மறைந்தாலும் எங்கோ இருக்கிறார் என்று அப்போதுதான் தெரிய ஆரம்பிக்கும், எப்போது வருவார் என்பது தெரியாது. அதற்காகப் பின்வாசல் வழியாக நழுவாதீர்கள். நழுவினால் நீங்கள் கழிப்பறைக்குப் போனாலும் சந்தேகப்படுவாள். 'அம்மா ஆபீஸ் போய்ட்டு வரேன்' என்று முகத்தைப் பார்த்துச் சொல்லி, கையை ஆட்டி, கிளம்பிவிடுங்கள். செருப்பைப் போட்டுக்கொண்டு திரும்ப வந்து கொஞ்சுவதுதான் அழுகையை நீட்டும்.

கேள்வி: குழந்தையை விட்டுவிட்டு அப்படி என்ன வேலை என்று கேட்கிறார்களே?

வீட்டுக் கடன் தவணை எவ்வளவு என்று சொல்லுங்கள். தவணையே இல்லாவிட்டாலும், வேலை பிடித்திருக்கிறது என்பது போதுமான காரணம். விட்டுவிடலாமா என்று தோன்றினால், அதுவும் தப்பில்லை. ஆனால் தூங்காத வாரத்தில் அந்த முடிவை எடுக்காதீர்கள். உங்கள் சம்பளத்திலிருந்து மட்டும் காப்பகக் கட்டணத்தைக் கழித்துப் பார்த்து 'மிச்சம் ஒன்றுமில்லையே' என்று சொல்லும் கணக்கையும் ஏற்காதீர்கள். குழந்தை இருவருடையது, கட்டணத்தையும் இரண்டு சம்பளத்திலிருந்து கழியுங்கள்.

கேள்வி: அடுத்தது எப்போது?

ஒரு பிரசவத்துக்கும் அடுத்த கருத்தரிப்புக்கும் நடுவில் குறைந்தது 24 மாதம் இருக்கட்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. இந்தக் கேள்வியைக் கேட்கும் பெரியம்மாவிடம் அதைச் சொல்லிவிட்டு, குழந்தையை அவர் மடியில் வைத்துவிட்டுப் போய்க் குளித்துவிட்டு வாருங்கள்.